வலையை ஒரு தடவை உதறினா போதும்

தாய்மாரே, அஞ்சாங் கிளாஸோட நின்னவ நான், பெரிய பேச்சு வராது. ஒரு சின்னக் கதை இருக்கு... அதை இறக்கி வச்சிட்டு உட்கார்ந்துடறேன்.

போன ஐப்பசியில ஒரு மத்தியானம். பொழுது சாயறதுக்குள்ள புயல்னு சொல்லியாச்சு. என் மகன் இன்னாசி கடல்ல. அவன் மக பெனிட்டா, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவ, வீட்டுல லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருக்கா. எந்தப் போட்டு எங்க நிக்குதுன்னு போட்டுல மாட்டின கருவிங்க அனுப்பின சேதி... எத்தனை? அஞ்சு லட்சம்! அம்புட்டும் ஒரே நீள வரியா ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அதை வெட்டிப் பிரிச்சுப் பார்த்து, புயல் பாதையில நிக்கிற போட்டுக்கெல்லாம் 'கரைக்குத் திரும்பு'ன்னு அனுப்பணும்.

போன்ல அவ மேலதிகாரி சகாயராஜ் சார். "ஏழு மணி நேரம் ஆகும்னு காட்டுதும்மா. கம்ப்யூட்டருக்குத் தெம்பு பத்தல."

ஏழு மணி நேரம்... என் மகனுக்கு அத்தனை நேரம் இருக்கா? நான் ஜெபமாலையைத் தேடறேன். இவ திரையை விட்டுக் கண்ணெடுக்கல.

"சார், இந்தப் புரோகிராமை எழுதினது யாரு?"

"நான்தான். ஏன்?"

"ஒரு சேதியைப் பார்க்க அஞ்சு லட்சத்தையும் வெட்டுது. அடுத்த சேதிக்கு மறுபடி முதல்லேருந்து அஞ்சு லட்சத்தையும் வெட்டுது. எங்கப்பா பார்த்தா சிரிப்பாரு சார்! ஒவ்வொரு மீனுக்கும் மொத்த வலையையும் மறுபடி உதறுவாங்களா? ஒரு தடவை உதறிப் பரப்பிட்டு, வரிசையாப் பொறுக்கிட்டே போகணும்."

"ஆமாம்மா, மாத்து. சீக்கிரம் மாத்து."

என்ன செஞ்சா? ஒரே ஒரு வரி, தாய்மாரே! திரும்பத் திரும்ப நடக்கிற வேலைக்குள்ள கிடந்த அந்த வெட்டுற வரியை எடுத்து, அதுக்கு மேல, வெளியே வச்சா. ஒரு தட்டு தட்டினா. நான் ஆரம்பிச்ச ஜெபத்தை முடிக்கல... "முடிஞ்சிருச்சு ஆச்சி"ன்றா! அஞ்சு லட்சமும் பிரிச்சு, புயல் பாதையில நின்ன போட்டுக்கெல்லாம் சேதியும் போயிருச்சு! கடல் அம்புட்டையும் ஒரு பார்வையில பார்த்துட்டாளே இந்தப் பிள்ளை!

இதை ஏன் சொல்றேன்? வேகம்னா பெரிய மெஷின் இல்ல. அடிச்சுப் பிடிச்சு ஓடறதும் இல்ல. ஒரு தடவை செஞ்சா போதுங்கிற வேலையை, ஒரே தடவை செய்யறது. செய்யறதுக்கு முன்னால அதைக் கண்டுபிடிக்கிறது... அந்தக் கண்ணு நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு இருக்கு.

நாளைக்கு எவராவது, "பொம்பளப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை எதுக்கு"ன்னு கேட்டா, பதில் பேசாதீங்க. அங்க, தூண் பக்கம் நிக்கிறான் பாருங்க...

டேய் இன்னாசி, கையைத் தூக்கு!

அவனைக் காட்டுங்க.