கருந்தேளுக்காக ஒரு செம்புப் பால்

ஆன்டெனா பிடிப்பது அப்படியொன்றும் சிரமமான வேலை இல்லை, ஏட்டய்யா. கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கன்னத்தை அதன்மேல் சாய்த்துக்கொண்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது. நாகமலைப் பக்கம் திருப்பினால் படம் வரும். திருப்பரங்குன்றம் பக்கம் திருப்பினால் திரை முழுக்க எறும்பு ஓடும். தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான்.

நேற்று நீங்கள் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. திமிர் என்று சித்தி சொன்னாள். திமிர் இல்லை. நாலு பேர் பார்க்கும்போது எனக்குக் குரல் வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதும் அதனால்தான். எழுதச் சொன்னால் எழுதுவேன். உங்கள் வீட்டில் டிவி இல்லை என்று சொன்னீர்கள். ஆகவே கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

காளவாசலுக்குப் பின்னால் எங்கள் சந்தில் டிவி இருப்பது சின்னான் சித்தப்பா வீட்டில் மட்டும்தான். கறுப்பு வெள்ளைப் பெட்டி, மடக்குக் கதவு வைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் கருடவீர் என்று ஒரு இந்தித் தொடர் வந்தது. கருடவீர் ஒரு பாங்கு குமாஸ்தா. ஆபத்து என்றால் கோப்பு அலமாரிக்குப் பின்னால் போய்ச் சட்டையைக் கழற்றுவார், இறக்கை முளைத்துவிடும். பறக்கும்போது முதுகில் கயிறு தெரியும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பது நல்லகாமன் அண்ணனின் உத்தரவு.

நல்லகாமன் அண்ணன் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கருடவீர் ரசிகர் மன்றத்துக்கு அவர்தான் தலைவர். செயலாளர் மைக்கேல்ராஜ் அண்ணன். அவர் கிளார்க். தபாலில் இந்தி படித்து ஒரு பரீட்சை பாஸ் செய்தவர், அதனால் சந்துக்கே அவர்தான் மொழிபெயர்ப்பு.

"மாப்ள, கமிஷனர் என்ன சொல்றாரு?"

"ஆபத்துங்கிறாரு."

"இம்புட்டு நேரம் பேசுனாரேப்பா, இம்புட்டுதானா?"

"இந்தியில அப்படித்தாண்ணே, நீட்டித்தான் சொல்லுவாங்க."

மன்றத்துக்குப் போர்டு எழுதியபோது ஒரு சண்டை வந்தது. கருடவீர் கால்சட்டைக்கு மேலே போடும் ஜட்டி என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது. எங்களுடையது கறுப்பு வெள்ளைப் பெட்டி. சிவப்பு என்றார் மைக்கேல்ராஜ் அண்ணன். பச்சை என்றார் நல்லகாமன் அண்ணன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் யாரும் கேட்காத மஞ்சளை அடித்தார்கள். இப்போதும் காளவாசல் முக்கில் அந்தப் போர்டு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

நான் அந்தத் தொடரை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. முதல் வாரமே காற்றில் கம்பத்தின் கிளாம்ப் விட்டுவிட்டது. "மாயி, மேல போய்ப் பிடிடி" என்றாள் சித்தி. போனேன். கீழே கூடம் நிறைய ஆள், வாசல் நிறைய ஆள், ஜன்னல் கம்பியில் பிள்ளைகள். எனக்கு மேலேயே நன்றாக இருந்தது. படம் சரியாக வந்தால் கீழேயிருந்து "அப்படியே நில்லுடி" என்பார்கள். நின்றுகொள்வேன். வருதா என்று கத்திக் கேட்க எனக்கு வராது, காலால் தளத்தைத் தட்டுவேன்.

சித்தப்பா இரண்டு தடவை கிளாம்ப்பை முடுக்கிவிட்டார். இரண்டு தடவையும் சனிக்கிழமை சாயங்காலம் நான் கழற்றிவிட்டேன்.

மேலே நின்றால் கதை வெறும் சத்தமாக மட்டும்தான் வரும். கருடவீர் வந்தால் விசில். கதாநாயகி வந்தால் பெண்கள் உச் கொட்டுவார்கள். பிறகு ஒரு சிரிப்பு வரும். ஹ ஹ ஹ என்று, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவதுபோல. அதுதான் வில்லன் கருந்தேள். முதுகில் பிளாஸ்டிக் கொடுக்கு கட்டியிருப்பாராம். உடனே சந்து முழுக்க வசவு கிளம்பும். "கட்டைல போறவன் வந்துட்டான் பாரு." "அந்தக் கொடுக்கப் பிடுங்கி அவன் வாயிலயே சொருகணும்." அதற்குப் பிறகுதான் அது நடக்கும். எல்லாரும் ஒரேயடியாக வாயை மூடிக்கொள்வார்கள். பயம். அந்த அமைதியில் ஒரு குரல் பேசும்.

கனத்த குரல். அவசரமே படாத குரல். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்த சொல்லைச் சொல்லும். கருடவீரின் குரலை நான் கேட்டதே இல்லை, விசிலில் மூழ்கிவிடும். மொட்டை மாடிவரை வந்தது கருந்தேளின் குரல் ஒன்றுதான். எனக்கு இந்தி தெரியாது. ஆனாலும் வெயிலில் எவ்வளவு நேரம்தான் நிற்பாய் என்று அவர் கேட்டது புரிந்தது. பழகிவிட்டது என்று மனதுக்குள் சொன்னேன். அந்த வீட்டில் என்னிடம் திருப்பு, நில்லு, இறங்கு என்ற மூன்றையும் தவிர வேறு பேசியவர் அவர் மட்டும்தான்.

இதைக் காதல் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அப்படிப்பட்டவள் இல்லை நான். ஒருவரை ஊரே திட்டும்போது யாராவது ஒருவர் அவர் பக்கம் நிற்க வேண்டுமில்லையா.

கருடவீர் அவரை அடிக்கப்போவது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். "போடு, போடு" என்று பிள்ளைகள் கத்துவார்கள். கம்பத்தைக் கொஞ்சம் திருப்பரங்குன்றம் பக்கம் திருப்புவேன். கீழே எறும்பு ஓடும். அடி முடிந்திருக்கும் என்று தோன்றியதும் நாகமலைப் பக்கம் கொண்டுவருவேன். இப்படித்தான் அவர் மேல் ஒரு அடிகூட விழாமல் பார்த்துக்கொண்டேன். காக்காய் உட்காருகிறது என்று முடிவு செய்து, நல்லகாமன் அண்ணன் கம்பத்தில் கறுப்புக் குடைத் துணியைக் கட்டினார். காக்காய்கள் பாவம்.

பிறகு கடைசி வாரம் என்று அறிவித்தார்கள். அன்று கருந்தேளைக் கருடவீர் கொன்றுவிடுவார் என்று மைக்கேல்ராஜ் அண்ணன் சொன்னார். சந்து கொண்டாடியது. வாசலில் வைக்க ஓலைத்தட்டியில் கருடவீர் கட்அவுட், அதற்குப் பாலாபிஷேகம், முக்கில் வைக்கோல் கருந்தேளைக் கொளுத்துவது, சித்தி கையால் சுண்டல். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நல்லகாமன் அண்ணன் மாடிக்கு வந்தார்.

"அன்னைக்கு மட்டும் புள்ளி விழுந்துச்சு, அம்புட்டுதான், ஒருத்தனும் என்னைய மதிக்கமாட்டான்" என்று சொல்லி, வெல்டிங்காரரைக் கூட்டிவந்து கம்பத்தை மாடிக் கைப்பிடி இரும்போடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார். அன்று இரவு அதை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

அப்போதுதான் யோசிக்க வேண்டியதாயிற்று. இதில் என் தப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. கம்பத்தை என் கையில் விட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

சனிக்கிழமை நல்லகாமன் அண்ணனும் மைக்கேல்ராஜ் அண்ணனும் வாசலில் கட்அவுட்டை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நான் குடத்தோடு போனேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அண்ணே, கட்அவுட்டுக்கு ஊத்துனா பாலு ரோட்டுக்குத்தான போகும்."

நல்லகாமன் அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தார். "அடி ஆத்தி. இந்தப் புள்ளைக்குப் பேச்சு வருமா?"

நான் நிற்கவில்லை. குழாய்க்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது பேச்சு பாதி முடிந்திருந்தது.

"புள்ள சொல்றது ஞாயந்தான மாப்ள. கருடவீரு அண்ணே பெட்டிக்குள்ள இருக்காரு. நம்ம வெளிய தட்டிக்கு ஊத்திக்கிட்டிருக்கோம்."

"அது கரண்டுப் பெட்டிண்ணே."

"பிள்ளையார் தலைக்கு மேல லைட்டு எரியல? பால் ஊத்தல? உங்க ஆளுகளுக்கு அபிசேகம் தெரியாது மாப்ள. நீ இந்தியப் பாரு."

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். சித்தி யோசிக்கவில்லை. அவள் ஏற்கெனவே டிவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். ஒரே ஒரு செம்பு, அதுவும் மேலோட்டமாக என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை பால்காரர் சிவனாண்டி அண்ணன் பால் கொண்டுவந்தார். நல்ல பால். நான்தான் வாங்கி அடுப்படியில் வைத்தேன். சித்தி பிளாஸ்டிக் மக்கை எடுத்தாள். சாமி காரியத்துக்குப் பித்தளைதான் நல்லது என்று செம்பை எடுத்துக் கொடுத்தேன். நல்லகாமன் அண்ணன் பக்தியில் ரப்பர் செருப்பைக் கழற்றினார். கழற்றச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. கழற்றிய செருப்பை எடுத்து வாசலுக்கு வெளியே ஓரமாக வைத்தேன். அவர் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். கருந்தேள் விழுந்தால் என்ன ஆகும் என்று அவர்களில் ஒருவராவது யோசித்தார்களா?

பிறகு மாடிக்குப் போனேன். கம்பத்தைப் பிடிக்க வேண்டிய தேவை இல்லை. "இன்னைக்காச்சும் வந்து பாருடி" என்று சித்திகூடக் கூப்பிட்டாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. பழக்கத்துக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

விசில் வந்தது. உச் வந்தது. சிரிப்பு வந்தது. வசவு வந்தது. பிறகு எல்லாரும் அடங்கினார்கள். அவர் பேச ஆரம்பித்தார். அன்று எப்போதையும்விட நிதானமாகப் பேசினார். விடைபெறுவதுபோல இருந்தது. நான் போக விடவில்லை.

"அண்ணனுக்கு அரோகரா" என்று நல்லகாமன் அண்ணன் சொன்னது கேட்டது. டப் என்று ஒரு சத்தம். நீலமாகப் புகை ஜன்னலில் வந்தது. பால் பொங்கித் தீய்ந்த வாசனை. சந்து முழுக்கக் கரண்டு போனது.

நல்லகாமன் அண்ணன் தூக்கி எறியப்பட்டுச் சுண்டல் அண்டாவில் உட்கார்ந்தாராம். மீசையில் ஒரு பக்கம் கருகிவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை, நீங்களே பார்த்தீர்கள். கருடவீரின் சக்தி தனக்குள் இறங்கிவிட்டதாக இப்போது சொல்லிக்கொள்கிறார். பஞ்சர் எங்கே என்று தொட்டே கண்டுபிடித்துவிடுகிறாராம். முன்பும் தொட்டுத்தான் கண்டுபிடிப்பார்.

குரல் பேச்சின் நடுவில் நின்றது. அதுதான் முக்கியம். பேசிக்கொண்டிருக்கிற ஆள் செத்துப்போனார் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் சந்தைப் பொறுத்தவரை கருந்தேள் சாகவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். சிவனாண்டி அண்ணன் மேல் பழி விழும் என்று நான் நினைக்கவில்லை. சாயங்காலமே பஞ்சாயத்து வைத்தார்கள்.

"தண்ணி கலந்த பாலுய்யா. சுத்தமான பாலா இருந்தா பெட்டி குடிச்சிருக்கும்."

"என் மாட்டு மேல சத்தியமா ஒரு சொட்டுக் கலக்கல."

"கலக்காமத்தான் கரண்டு அடிச்சுச்சா?"

மீசைக்கும் டிவிக்கும் அவர்தான் பொறுப்பு என்று உங்களிடம் இழுத்துவந்தார்கள். நீங்கள் மிச்சப் பாலை விரலில் தொட்டு நாக்கில் வைத்தீர்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு கரிக்கிறதே என்றீர்கள். "வெயில் காலம்யா, மாடு வேர்த்திருக்கும்" என்று சிவனாண்டி அண்ணன் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

மாடு வேர்க்கவில்லை. பாலில் கல்லுப்பைக் கரைத்தது நான். இரண்டு கை நிறைய. எட்டாம் வகுப்பில் தெரசா டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீரில் வயரைவிட்டுக் காட்டினார். பல்பு எரியவில்லை. என்ன சேர்த்தால் எரியும், மாயக்காள், நீ சொல்லு என்றார். எழுந்து நின்றேன். பதில் தெரியும். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சு வரவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. டீச்சரைப் பார்த்தால் உப்பு என்று சொன்னேன் என்று சொல்லுங்கள்.

சிவனாண்டி அண்ணனை அனுப்பிவிடுங்கள். மாட்டுக்குப் பால் கறக்கும் நேரம் ஆகிறது.

இதுவரை எழுதியதை வாங்கி, சரிபார்க்கச் சொல்லி மைக்கேல்ராஜ் அண்ணனிடம் கொடுத்தீர்கள். அவர் அந்த பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். பாதியில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏட்டய்யா, கருந்தேளுக்கு வசனமே கெடையாதுங்க. மொத வாரத்துலருந்து வெறும் சிரிப்புதான். வாயி முகமூடிக்குள்ள இருக்கு. அவன் சிரிச்சு முடிச்சதும் கணீர்னு பதில் சொல்றது கருடவீரு. அண்ணே வசனம் பேசுறப்போ எவனாச்சும் மூச்சு விட்டா நல்லகாமன் தொலைச்சுப்புடுவாரு. அதான் அம்புட்டு அமைதி. பயமும் இல்ல ஒண்ணும் இல்ல."

நீங்கள் இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டீர்கள். அதனால் இந்தப் பக்கத்தையும் எழுதுகிறேன்.

மைக்கேல்ராஜ் அண்ணனுக்கு இந்தி அரைகுறை என்பது சந்துக்கே தெரியும். அவர் பார்த்ததையெல்லாம் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தார். நான் மேலே தனியாக நின்று கேட்டேன். கருந்தேள் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவர் இல்லை. கூச்சம்.

நானும் அப்படித்தான்.