இரண்டு அட்டைத் துண்டுகள்

மதிப்பிற்குரிய விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

ரசீதின் பின்புறம் பழுதின் விவரத்தை எழுதியதைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகியவன் அல்லன் நான். இத்தனை பக்கங்களைத் தங்கள் பார்வைக்கு வைக்கத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கோருகிறேன். தாங்கள் முடித்துவைத்த கோப்பைத் திரும்பத் திறக்கச் சொல்வது மரியாதைக் குறைவு என்பதையும் அறிவேன். பிழைகள் இருப்பின் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் கடையின் தரை மிக அழகானது. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக ஓடு பதித்தது. கழுவிவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தேங்காது. எல்லாம் தானாக வாசலுக்கு ஓடிவிடும். பழுது பார்த்த ட்ரோன்களை அந்தத் தரைக்கு மேலேதான் பறக்கவிட்டுச் சோதிப்பேன். சிறிய ட்ரோனின் வயிற்றில் தரையைப் பார்க்கும் ஒரு கண் உண்டு. தரையில் கோடோ புள்ளியோ கறையோ இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கும். தரை வெறும் வெள்ளையாகப் பளபளவென்று இருந்தால் அந்தக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அப்போது 'எது சமம்' என்று நாங்கள் மேசையில் வைத்துக் கற்றுக்கொடுத்ததை மட்டும் நம்பி நிற்கும். கற்றுக்கொடுத்தது தப்பாக இருந்தால், மெல்ல நகர ஆரம்பிக்கும்.

இதைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொண்டால், மீதியைச் சொல்வது எனக்கு எளிது.

என் அக்காவின் கணவர் கட்டடங்களின் மொட்டைமாடியில் நீர்க்கசிவு பார்த்துச் சரிசெய்யும் தொழில் செய்தவர். 'ஒழுகல் டாக்டர்' என்று ஊரே அழைக்கும். ஏணி வைக்க முடியாத இடங்களைப் பார்க்க அவரிடம் ஒரு சின்ன ட்ரோன் இருந்தது. அதைக் 'கொசு' என்பார். கொசு எங்காவது முட்டிக்கொண்டால் என்னிடம் வரும். நான் சரிசெய்து, மேசையில் சுவரைப் பார்த்தபடி வைத்து, சமநிலையைக் கற்றுக்கொடுத்து அனுப்புவேன்.

சென்ற ஆண்டு ஒருமுறை இறக்கை மாற்றிக்கொடுத்த பத்தாம் நாள், கேமராவைத் துடைத்துத் தரச் சொல்லி அதைத் திரும்பக் கொண்டுவந்தார்.

"மாப்ளே, சில மாடியில கொஞ்சம் தள்ளாடுது. உன் வேலையில குத்தமே இல்ல. கொசுவுக்கு வயசாயிடுச்சு, என்னை மாதிரி."

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய திருப்புளிகளைப் பார்த்தார். நான் கவனித்தேன். கவனிப்பது என் தொழில்.

அவர் போனபின் தரைக்கு மேலே பறக்கவிட்டேன். அசையாமல் நின்றது. ஆக, தள்ளாட்டம் என்பது பொய். பொய் எதற்கு என்று அறிய அதன் நினைவட்டையைத் திறந்தேன். அதில் என் வீட்டு மாடி இருந்தது. பகல் பதினொன்றரை மணி. நான் கடையில் இருக்கும் நேரம். கொடியில் துணி. என் மனைவி தலையணை உறையைக் கையில் வைத்துக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பதினோரு படங்கள். இரண்டு நொடிக்கு ஒன்றாக, ஒரே இடத்தில் நின்று எடுத்தவை.

நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார்கள்.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அர்த்தம் புரிந்தது. அவர் வீட்டுக்கு வந்தால் மனைவி இரண்டாவது முறை டீ வேண்டுமா என்று கேட்டாள். "அண்ணன் வந்தாலே வீடு கலகலன்னு இருக்கு" என்றாள். இத்தனை வெளிப்படையாக ஒருத்தி சொல்வது மறைப்பதற்காகத்தான் என்று முடிவு செய்தேன். ஒரு வாரம் அவர் வரவில்லை. அதுவும் ஒரு ஜாக்கிரதை என்று எடுத்துக்கொண்டேன். நான் ஆத்திரப்படுகிற ஆள் இல்லை. ஒரு நாளும் குரல் உயர்த்தவில்லை என்பதை என் மனைவியே சொல்வாள்.

அடுத்த மாதம் ஒரு மாடிக்கு என்னையும் அழைத்துப்போனார். வெயில் தாங்குவதற்காக வெள்ளைப் பூச்சு அடித்த மாடி. தரையே கண்ணாடிபோல் மின்னியது. கொசுவைத் தன் முன்னால் மார்பு உயரத்தில் நிறுத்திவிட்டு, கட்டைவிரலை ரிமோட்டின் குச்சியிலிருந்து எடுத்து, திரையில் படத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அது மெல்லப் பின்னால் நகர்ந்து அவர் மார்பை நோக்கி வந்தது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெறுமனே ஓர் அடி பின்னால் வைத்தார். பின்பு இன்னொன்று.

"பாத்தியா, பாசம். என்னை விட்டுப் போகமாட்டேங்குது" என்று சிரித்தார்.

"கீழே பாத்து நில்லுங்க அத்தான்" என்றேன். உண்மையாகவே சொன்னேன். தங்கள் குறிப்பில் இது இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறேன்.

"இருபது வருஷமா மாடியில நிக்கிறேன்டா. என் காலுக்குக் கண்ணு இருக்கு."

வெள்ளைத் தரையில் எந்த ட்ரோனும் கொஞ்சம் தடுமாறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வீட்டு மாடி சொரசொரப்பான சிவப்பு ஓடு. அங்கே தடுமாற நியாயமில்லை. அங்கே அது வேண்டுமென்றேதான் நின்றது.

மறுநாள் 'சரிபார்த்துத் தருகிறேன்' என்று வாங்கிவந்தேன். உதிரிபாகம் வந்த பெட்டியின் அட்டையிலிருந்து விரல் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, மேசையில் வைத்த ட்ரோனின் முன்கால்களுக்குக் கீழே செருகினேன். மூக்கைத் தூக்கிய அந்த நிலைதான் சமம் என்று கற்றுக்கொடுத்தேன். அவ்வளவுதான். ஒரு திருகைக்கூட நான் தொடவில்லை. மூக்கு உயர்ந்திருப்பதைச் சமம் என்று நம்பும் ட்ரோன் பின்னால் போகும். அதற்குப் பின்னால் நிற்பவர் அதை ஓட்டுபவர். கடைத் தரையின்மேல் அப்போதும் ஆணி அடித்தாற்போல் நின்றது.

அடுத்த வெள்ளை மாடியில் அவர் நான்கு அடி பின்வாங்கினார். எண்ணினேன். இரண்டாவது துண்டையும் வைத்தபின் ஏழு. ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"மாப்ளே, உன் கொசு ரொம்பத்தான் ஒட்டிக்குது."

"பழகிடும் அத்தான்."

கடைசி நாளுக்கு முந்தின மாலை தொலைபேசியில் கூப்பிட்டார். நான்கு மாடிக் கட்டடம்; பின்பக்கம் கைப்பிடிச் சுவரை இடித்துவிட்டு இன்னும் கட்டவில்லை; தரைக்குப் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார்கள். "நாளைக்கு அங்க. கொசு ஒழுங்கா நிக்குமா? இல்லன்னா ஏணியைத் தூக்கிக்கிட்டுப் போறேன்."

"நிக்கும். தைரியமாப் போங்க அத்தான்" என்றேன்.

மற்றதைத் தாங்கள் அறிவீர்கள். ட்ரோனைப் பரிசோதிக்க எங்கள் கடையைத்தான் தங்கள் அலுவலகம் நாடியது. தங்கள் ஊழியர் முன்னிலையிலேயே கட்டம்போட்ட தரையின்மேல் பறக்கவிட்டேன். 'கருவியில் குறையில்லை, இயக்கியவரின் கவனக்குறைவு' என்று எழுதியது நான்தான். கையெழுத்து தெளிவாக இல்லாததற்கு வருந்துகிறேன்.

நாற்பது நாள் கழித்து அக்கா கடைக்கு வந்தாள். கையில் கொசு.

"தம்பி, இதைச் சரிபண்ணிக் குடுடா. அவர் ஒத்துக்கிட்ட மாடி இன்னும் ஆறு பாக்கி இருக்கு. நானே ஏறப் போறேன்."

"நீ எதுக்குக்கா?"

"வேற யாரு? அந்த மனுஷனைக் கவனமில்லாதவர்னு எவனோ எழுதிக் குடுத்திருக்கான். மாடிப்படியில நான் ஈரக்காலோட நடந்தாக்கூடத் திட்டுவார்டா. யார் எழுதினதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

அக்காவின் விஷயத்தில் எனக்கு எந்தக் குறையும் வைக்க மனமில்லை. அதனால் என் தொழில் வாழ்க்கையில் முதன்முறையாக, எதிர்க் கடைத் தச்சரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி மேசைமேல் வைத்தேன். குமிழி நடுவில் நிற்கவில்லை. சுவர்ப் பக்கம் ஏறி நின்றது. கழுவிய தண்ணீர் வாசலுக்கு ஓட வேண்டும் என்று கொத்தனார் தரையை வாசல் பக்கம் சரித்திருக்கிறார். மேசையும் அப்படியே சரிந்திருக்கிறது. அதன்மேல் சுவரைப் பார்த்து நான் வைத்த ஒவ்வொரு ட்ரோனும் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் சமநிலை கற்றிருக்கிறது. அத்தானின் கொசுவும், நான் அட்டை வெட்டுவதற்கு முன்பே.

அன்று வீட்டுக்குப் போய்த்தான் மனைவியிடம் கேட்டேன். நம் மாடிக்கு அத்தானின் ட்ரோன் எப்போதாவது வந்ததா என்று.

"அதுவா? பக்கத்துக் கட்டட மாடிக்கு வெள்ளை அடிச்சாங்களே, அங்க கசிவு பார்க்க அண்ணன் வந்திருந்தார். அது பின்னாடியே தள்ளிக்கிட்டு நம்ம மாடிக்கு வந்து, துணி மேல அப்படியே நின்னுக்கிச்சு. தலையணை உறையால விரட்டினேன். அவர் அந்தப் பக்கம் நின்னு, 'அடிக்காதம்மா, அடிக்காதம்மா'ன்னு கத்துறார். சிரிச்சுச் சிரிச்சு வயித்தவலி."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அண்ணன்தான் வேண்டாம்னார். 'மாப்ள செஞ்ச வேலை. தெரிஞ்சா மனசு சுருங்கிடும். நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்'னார். ஏங்க, ஏன் இப்படிப் பார்க்கிறீங்க?"

வெள்ளைத் தரையில் தடுமாறி வந்த ட்ரோன், என் வீட்டு ஓட்டின் சொரசொரப்பைக் கண்டு நிலைகொண்டிருக்கிறது. அதனால்தான் பதினோரு படங்களும் ஒரே இடத்தில். இரண்டு நொடிக்கு ஒன்றாக எடுத்தது, கசிவு தேடுவதற்கென்று நானே அமைத்துக்கொடுத்த தானியங்கி. விரலால் எடுத்தால் இடைவெளி அத்தனை சீராக வராது. இது எனக்கு அன்றும் தெரியும்.

மேசையைச் சரித்தது கொத்தனார் என்பதைத் தாங்கள் கணக்கில் கொள்ள வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அட்டைகளை வைத்தது நான். தைரியமாகப் போகச் சொன்னதும் நான். அவர் விழ வேண்டும் என்றுதான் சொன்னேன்.

தொலைந்தவை பின்வருமாறு. என் அக்காவின் கணவர், வயது நாற்பத்து மூன்று. அவரைப் பற்றி ஊரில் இருந்த நல்ல பெயர். தம்பி என்று கூப்பிட அக்காவுக்கு இருந்த ஒரே ஆள். இக்கடிதம் தங்களை அடையும் நேரத்தில் அந்த உறவும் இருக்காது. என் மனைவியின் சிரிப்பு. ட்ரோனின் பின்பக்க இறக்கை ஒன்று.

அட்டைத் துண்டுகள் இரண்டும் தொலையவில்லை. வாசல் பக்கத்து மேசைக்கால்களின் கீழே, காலுக்கு ஒன்றாக வைத்திருக்கிறேன். கனம் மிகச் சரியாக இருக்கிறது. குமிழி இப்போது நடுவில் நிற்கிறது. அக்காவின் ட்ரோன் தயாராக இருக்கிறது. யாரேனும் வந்து பெற்றுக்கொள்ளலாம்.