ஹர்த்தால் அன்று எடுத்த ரத்தம்

கேரளத்தில் ஹர்த்தால் என்று கடையும் ரோடும் அடைத்தால் அன்றைக்கு எங்கள் பக்கம் மீன் மலிவு. லாரிகள் எல்லையில் களியக்காவிளையைத் தாண்ட முடியாது. மீன் கெட்டுவிடுமே என்று வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சார், எல்லாம் அப்படி ஒரு ஹர்த்தால் நாளில்தான் ஆரம்பித்தது.

என் பெயர் ததேயுஸ். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கிற கம்பெனிக்கு இந்த மாவட்டத்தில் நான்தான் ஆள். பிள்ளை பிறந்ததும் கொடியில் மிஞ்சுகிற ரத்தத்தைப் பையில் பிடித்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அங்கே வருஷக்கணக்காக உறைய வைத்திருப்பார்கள். பிற்பாடு அந்தப் பிள்ளைக்கோ கூடப்பிறந்ததற்கோ ரத்தப் புற்று மாதிரி ஏதாவது வந்தால் உதவும். பெரும்பாலும் அப்படி ஒரு தேவை வராது. இந்தத் தொழிலில் இருக்கிற நிம்மதியே அதுதான்.

2009இல் ஆன்ட்ரூஸ் குவைத்தில் இருந்தான். அவன் மனைவி ரெஜிஷாவுக்கு அது இரண்டாவது பிரசவம். மூத்தவள் ஜின்சிக்கு அப்போது மூன்று வயது. நாங்கள் எல்லாரும் ஒரே பங்கு, ஒரே மாதா கோயில். ஆன்ட்ரூஸ் போனில் சொன்னதால் நான் அவர்கள் வீட்டுக்கு நான்கைந்து தடவை போயிருப்பேன். ரெஜிஷா லேசில் ஒத்துக்கொள்கிற பெண் இல்லை. வேறு கம்பெனிகளின் தாள்களையும் வாங்கி வைத்து வரி விடாமல் படித்திருந்தாள்.

"பொது வங்கிக்குச் சும்மா குடுத்தா ஆருக்கெங்கிலும் பிரயோசனப்படும்லா அண்ணே? நாம பூட்டி வைக்கது எதுக்காக்கும்?" என்று கேட்டாள்.

"ஆருக்கோ எதுக்கு மக்கா? நமக்க பிள்ளைக்குள்ளது நமக்க பிள்ளைக்கு இருக்கட்டு" என்றேன்.

கடைசியில் அவள் கையெழுத்துப் போட்டது கம்பெனியைப் பார்த்து இல்லை. "உங்கள நாங்க ஞாயிற்றுக்கிழமைதோறும் பாக்கியோம்லா" என்றாள். அந்த வார்த்தை எனக்குப் பெருமையாக இருந்தது.

பையன் பிரபின் மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் காலையில் பிறந்தான். பை திருவனந்தபுரம் போய் விமானம் ஏற வேண்டும். களியக்காவிளையில் வண்டியை மறித்துவிட்டார்கள். ஆறு மணிவரை நகர முடியாது. மே மாத வெயில். ஐஸ் கிட்டத்திலேயே வரக்கூடாது என்று பெட்டிக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதை எழுதியவர் மே மாதம் நட்டுச்சை வெயிலில் களியக்காவிளையில் நின்றிருக்க மாட்டார் என்று நினைத்தேன். என் அப்பா காலம் முழுக்க மீன் கட்டி அனுப்பியவர். கெட்டுப்போகிற எதையும் ஐஸில் வைக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பால்குடியிலேயே தெரியும். பக்கத்தில் நின்ற மீன் லாரியில் உப்புப் போட்ட பொடி ஐஸ் கேட்டு வாங்கிப் பையைச் சுற்றிலும் அடைத்தேன்.

ஆறு மணிக்குத் திறந்தால் பை கல்லாக இருந்தது. சென்னையில் செய்வது போல மருந்து சேர்த்து மெல்ல உறைய வைக்காமல் இப்படி உறைந்த ரத்தத்தில் உயிர் மிஞ்சாது என்று பயிற்சியில் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரோட்டோரம் நின்று அழுதேன். பொய் சொல்லவில்லை.

ஒரு பிள்ளையின் கொடி ரத்தத்தை இரண்டாம் தடவை எடுக்க முடியாது. ஆன்ட்ரூஸிடம் என்னவென்று சொல்வது? வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரிக்கே போனேன். அங்கே இன்னொரு பெண்ணுக்குப் பிரசவம் நடந்துகொண்டிருந்தது. கொடியில் ரத்தம் இருக்கும் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. வாளியில் போகிற கொடிதானே என்று நர்ஸிடம் கேட்டு வாங்கி, புதுப் பையில் பிடித்து, ரெஜிஷாவின் பெயரை ஒட்டினேன். மறுநாள் அது விமானத்தில் போயிற்று. அன்றைக்கு அதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

ஆறு வருஷம் எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள். 2015இல் ஜின்சிக்கு ரத்தப் புற்று வந்தது. ஒன்பது வயது. கோயிலில் பூ தூவுகிற பிள்ளைகளில் முதல் வரிசையில் போகிறவள். ஆன்ட்ரூஸ் வேலையை விட்டுவிட்டு வந்தான். சென்னை ஆஸ்பத்திரியில் அந்தப் பையை எடுத்துச் சோதித்தார்கள். பொருந்தவில்லை. கூடப்பிறந்தவர்களுக்குள் பொருந்தாமல் போவது சாதாரணம்தான். அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஆன்ட்ரூஸின் ரத்தத்தையும் எடுத்திருந்தார்கள். ரெஜிஷாவுக்கு அன்று காய்ச்சல், அதனால் அவளுடையதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள்.

எந்தப் பிள்ளை ரத்தத்திலும் பாதி அடையாளம் தாயுடையது, பாதி தகப்பனுடையது. பையில் இருந்த ரத்தத்தில் ஆன்ட்ரூஸின் பாதி இல்லை.

அவன் அந்தத் தாளை நேரே என்னிடம்தான் கொண்டுவந்தான். "அண்ணே, இதுல எனக்க பங்கு இல்லேண்ணு டாக்டர் சொல்லுகாரு. நீங்க ஒருக்கா வாசிச்சுச் சொல்லணும்" என்றான்.

நான் நிதானமாக வாசித்தேன். "ரிப்போர்ட் பொய் சொல்லாது மக்கா" என்றேன். ரெஜிஷாவைப் பற்றி ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அவன் என்ன நினைத்தானோ அது அவன் நினைத்தது.

அன்றே அவளையும் பையனையும் அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். ஜின்சியை அவன் தனியாகப் பார்த்துக்கொண்டான். தாயையும் தம்பியையும் உடனே சோதிக்க வேண்டும், கூட்டி வாருங்கள் என்று ஆஸ்பத்திரி எழுதிய கடிதம் கம்பெனி வழியாக எனக்கு வந்தது. அவர்களைச் சோதித்தால் பை யாருடையது என்று தெரிந்துவிடும். கடிதம் என் மேசை இழுப்பறையில் நான்கு மாதம் கிடந்தது. நான் அதைக் கிழிக்கவில்லை. அதனால்தான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

ரெஜிஷா ஒரு நாள் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆறு வயதுப் பையன், இறக்கிவிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. "நான் மாதா சத்தியமா ஒரு தப்பும் செய்யல்ல அண்ணே. எனக்க சங்கதி கிடக்கட்டு. இவனுக்க எலும்புல இருந்து எடுத்துக் குடுத்தா ஜின்சி பிழைப்பாளா? அத மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்று என் காலைப் பிடித்தாள்.

எனக்கு நெஞ்சு வலித்தது. இருந்தாலும் பதறாமல் சொன்னேன். "பையில உள்ளதும் இவனுக்க ரத்தம்தானே மக்கா. அது ஒட்டேல்லண்ணா இவனும் ஒட்டமாட்டான். சின்னப் பிள்ளைய வெறுதே குத்தாண்டாம்."

நம்பினாள். நான் சொன்னதை அந்த வீட்டில் எப்போதுமே நம்பினார்கள்.

ஜின்சி செப்டம்பரில் இறந்தாள். அடக்கத்தில் பெட்டியின் முன்பக்கம் தூக்கியது நான். நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்த பிறகு, தன் பேரில் உள்ள பழியைத் தீர்க்க ரெஜிஷா தானாகவே பையனைக் கொண்டுபோய்ச் சோதித்தாள். அந்தத் தாளையும் என்னிடம்தான் கொண்டுவந்தாள். வாசித்துச் சொல்ல வேறு யாரும் அவளுக்கு இல்லை. நான் ஒன்றையும் விடாமல் வாசித்தேன். பிரபின் ஆன்ட்ரூஸின் பிள்ளைதான். அக்காளோடு முழுப் பொருத்தம்.

அவள் கத்தவில்லை. "அண்ணைக்கு வேண்டாம்ணு சொன்னிய. தெரிஞ்சா சொன்னிய, தெரியாமலா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சு" என்றேன். கேட்டால் நான் மறைக்கிறவன் இல்லை, சார். அதுவரை யாரும் கேட்கவில்லை.

மற்றப் பைகளைப் பற்றிக் கேட்டீர்கள். பை கசிந்த நாள் உண்டு, விமானம் தவறிய நாள் உண்டு, போதுமான ரத்தம் கிடைக்காத நாளும் உண்டு. அப்படி மாற்றி அனுப்பியவை முப்பத்தொன்று. பெயர்களை எழுதித் தருகிறேன். ஆனால் அந்தத் தாய் தகப்பன்மாரிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். அவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நோய் எதுவும் வராதவரை அந்தப் பைகளில் ஒரு குறையும் இல்லை.