மின்விசிறியை வென்ற செவ்வாய் மாலை வகுப்பு

பணிநிறைவு பெறும் இயன்முறை மருத்துவர் திருமதி வேணி அம்மையாருக்கு, அரியலூர் 'நிமிர்வு' வலி சிகிச்சை மையத்தார் அகமகிழ்ந்து வாசித்தளிக்கும் மடல்

வலியோடு வாழ்ந்தோர்க்கு வழிகாட்டிய வித்தகரே! கையளவுத் திரைக்குள்ளும் கனிவைக் கொண்டுசேர்த்த எங்கள் வேணி அம்மையீர்! வணக்கம்!

முப்பத்தொரு ஆண்டுகள் பெரம்பலூரிலும் அரியலூரிலும் முதுகு நொந்தும் முழங்கால் நொந்தும் வந்தோரை நிமிர்த்திய தங்கள் கைகளை அறியாதார் யார்? ஆயினும் இன்று இவ்வரங்கம் அதிர நாங்கள் கைதட்டுவது தங்கள் செவ்வாய் மாலை இணையவழி வகுப்புக்கே!

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவ்வகுப்பைத் தொடங்கியபோது, நரம்புப் படங்கள் நாற்பதைக் காட்டி நயம்படப் பேசினீர்கள். நாங்கள் மெய்மறந்தோம், நோயாளிகளோ காணாமற்போனார்கள்! இருபத்துநால்வர் மூன்றாம் வாரத்தில் ஒன்பதின்மர் ஆயினர். ஆறாம் வாரம் பத்துப் பேராவது இல்லையேல் வகுப்பை மூடுவதென்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. அந்த ஒன்பதிலும் திரையின் ஒரு சதுரத்தில் முகமில்லை, வெறும் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றிப் பதினோரு ஆண்டாய் இடுப்பு வலியோடிருந்த பஞ்சநாதன், கைபேசியை மல்லாக்க வைத்துவிட்டு வெளியே போயிருந்தார்.

மறுநாள் அவரைத் தொலைபேசியில் அழைத்து, "ஃபேனுக்கு இடுப்பு வலி எப்படிங்க இருக்கு?" என்றீர்கள்.

அவர் தயங்கித் தயங்கி, "வலி கம்மியா இருக்குற அன்னிக்கு ரெண்டு நாள் வேலைய சேத்துப் பாத்துடறேங்க. அப்பறம் மூணு நாள் படுத்துடறேன். படம் பாத்தா இது தீருமாங்க?" என்றார்.

"இத அப்படியே வகுப்புல சொல்லுங்க" என்றீர்கள். சொன்னார்! ஜெயங்கொண்டத்தில் முந்திரிப்பருப்பு பிரிக்கும் பரிமளா, "எங்கூட்டுக் கதையும் இதேதாங்க!" என்று கத்தியேவிட்டார். அன்று படங்களை மூடிவைத்தீர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை என்னும் அளவை அவரவரே வகுத்தனர். பரிமளா ஒரு தட்டுப் பருப்பைப் பிரித்து முடிந்ததும் எழுந்து நடப்பதென்றார். பஞ்சநாதன் வலி குறைந்த நாளிலும் டீக்கடை வரைதான் நடப்பேன் என்றார். அளவு மீறவில்லை என்று மாலைதோறும் குரல் செய்தி அனுப்ப வேண்டும். அனுப்பாதவரை நாமல்ல, இன்னொரு நோயாளியே கூப்பிடுவார். அவர்கள் ஒருவரையொருவர் அழைத்து அழைத்தே, ஆறாம் வாரம் பத்தொன்பது முகங்கள்! தாங்கள் எண்ணி முடிக்குமுன் நாங்கள் துள்ளிக் குதித்துவிட்டோம். பஞ்சநாதனின் வலி முற்றும் போய்விடவில்லை. படுத்துக் கிடக்கும் நாட்கள்தாம் போயின.

பாடம் பிடிபடவில்லையேல் பாடத்தை மாற்றும் பண்பாளரே! திரையை நோக்கிக் குனிந்து குனிந்து தங்கள் கழுத்தில் ஏறிய வலியைத் தாங்கள் மறைத்தீர்கள். திரைக்கு அப்பால் இருந்த நோயாளிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். எனவே வருகிற செவ்வாய் மாலை ஆறு மணிக்கு, நாங்கள் பக்கத்தில் இருக்க, வகுப்பை நடத்தப்போகிறவர் பஞ்சநாதன். பட்டியலில் புதிய நோயாளியாய் முதற்பெயர் தங்களுடையது!

நல்ல உடலோடும் நிமிர்ந்த கழுத்தோடும் நூறாண்டு வாழ்க! வகுப்புக்கு மறவாமல் வருக! பஞ்சநாதன் சொல்லியனுப்பியிருக்கிறார்: "அம்மா, ஃபேனக் காட்டுனா விடமாட்டேங்க."

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்
நிமிர்வு மையப் பணியாளர்கள்