வண்டிச் சாவியை வாங்கிக்கொண்ட தூதர்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கோகிலவாணி அம்மா அவர்களே, ஜேடர்பாளையத்துச் சொந்தங்களே, ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லி இரண்டு முறை சீட்டு அனுப்பிவிட்ட அமைப்பாளர்களே!

இந்த அஞ்சலிக் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர்கள் தூதர் சபரிநாதன் அய்யாவை அமைதிப் புறா என்றார்கள். ராஜதந்திரச் சிங்கம் என்றார்கள். நான் பார்த்த அன்று அவர் கசங்கிய சட்டையோடு ஒரு போர்வெல் வண்டியில், டிரைவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

இன்று பத்திரிகையில் நகைச்சுவை எழுதிப் பிழைக்கும் நான், பதினான்கு வருடம் முன்பு திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் ஒன்றில் சமையல்காரன். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் தண்ணீருக்குப் போர் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு காலை ஊருக்கு இருபுறமும் துப்பாக்கிச் சண்டை. என் சாம்பாரைச் சாப்பிட்டுப் பழகியவர்கள் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. நம் நாட்டுத் தூதரகத்திலிருந்து ஃபோன் வந்தது. எடுத்தவன் நான். அய்யா கேட்ட முதல் கேள்வி, "எத்தன பேருங்க?"

"பன்னண்டுங்க" என்றேன். ஆள் பதினொன்றுதான். பதற்றத்தில் ரிக்கையும் சேர்த்து எண்ணிவிட்டேன்.

மறுநாள் அவரே வேனோடு வந்தார். நாலு மணிக்குக் கடைசி விமானம். பத்துப் பேர் ஏறினோம்; முதல் ஆள் நான், சந்தேகம் வேண்டாம். ரிக் டிரைவர் தங்கசாமி அண்ணன் மட்டும் வண்டியைவிட்டு இறங்கவில்லை. முதலாளி நம்பி ஒப்படைத்த வண்டி, விட்டுவிட்டு எந்த மூஞ்சியோடு ஊருக்குப் போவது என்றார். கெஞ்சினோம், திட்டினோம். இரண்டு தெரு தள்ளிக் குண்டு வெடிக்கிறது.

தூதர் என்ன செய்தார்? சட்டம் பேசினாரா? நாட்டைப் பற்றிப் பேசினாரா? ஏறி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டிக்கு எந்த ஊரில் பாடி கட்டியது, எத்தனை அடி ஆழம் போகும் என்று விசாரித்தார். பிறகு கையை நீட்டினார்.

"சாவிய எங்கிட்ட குடுங்கண்ணா. நா இங்கதான் இருக்கப்போறேன்."

அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "யாரையும் ஓட்ட உடாதீங்க, சாமி" என்று கொடுத்துவிட்டு இறங்கினார்.

எங்களை அனுப்பிவிட்டு, சொன்னபடியே ஏழு வாரம் அங்கேயே இருந்தார். வண்டி தப்பவில்லை, எரித்துவிட்டார்கள். ஒரு கடிதம் போட்டிருக்கலாம். ஆனால் அடுத்த விடுப்பில் நேரே அண்ணன் வீட்டுக்கு வந்து, காப்பாற்ற முடியவில்லை என்று சொல்லிச் சாவியை நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை. அது இன்றும் அய்யா வீட்டில், ஃபோன் சார்ஜ் போடும் இடத்துக்கு மேலே, ஆணியில் தொங்குகிறது.

ஓய்வுபெற்ற பிறகும் அந்த ஃபோன் ஓயவில்லை. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களின் வீட்டார் கூப்பிடுவார்கள். அவர் தூதரகங்களுக்கு எழுதுவார், பதில் வரும்வரை நச்சரிப்பார். கடைசியாகக் கூப்பிட்டவர் இளம்பிள்ளை ஊரைச் சேர்ந்த தனப்பிரியா. அவர் கணவர், சண்டை நடக்கும் ஊரில் ஓர் ஆலைக்குள் அடைபட்டிருக்கிறார். அதற்கான கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டு அய்யா நம்மை விட்டுப் போய்விட்டார்.

இன்று காலை அய்யாவின் துணைவியார் கோகிலவாணி அம்மா அந்தக் காகிதத்தையும் ஃபோனையும் என்னிடம் கொடுத்தார். மனைவி கூப்பிட்டாலே எடுக்காதவன் நான். கையில் இருக்கும்போதே அடித்தது. தனப்பிரியாதான்.

"சார் இருக்காருங்களா?"

சொன்னேன். வைத்துவிடுவாரோ என்று பயந்து, எனக்குத் தெரிந்த ஒரே தூதரக வேலையைச் செய்தேன். "எத்தன பேருங்க அங்க?" என்றேன்.

"பத்தொம்பதுங்க."

அன்பார்ந்தவர்களே, மாலை போட்டாயிற்று. கடிதத்தின் மீதியை இந்த மேடையிலேயே எழுதி முடிக்கப் போகிறோம். ஆங்கிலம் தெரிந்தவர்கள் மேலே வாருங்கள். என் ஆங்கிலத்தை நம்பிப் பத்தொன்பது பேரை விட முடியாது. இனி இந்த ஃபோன் அடித்தால் நம்மில் ஒருவர் எடுப்போம்.

பத்தொன்பதும் ஆள்தானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.