மானுக்கென்று வாங்கிய கைத்துவக்கு

மான் இறைச்சி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. எவ்வளவு மிளகு போட்டாலும் ஒரு காட்டு வாடை அதில் நிற்கும். என் மச்சான் பரமலிங்கத்துக்குத்தான் அதில் உயிர். அனுராதபுரத்தில் கிளாக்கர் வேலை பார்த்தவன், வேட்டைக்காகவே லீவு போட்டு வருவான். நான் அவனுக்குத் துணை. நில அளவை வேலையில் காடு காடாகத் திரிந்தவன் என்பதால், துவக்கு விஷயத்தில் என் பேச்சுக்கு அவன் மறுபேச்சுப் பேசுவதில்லை.

நீங்கள் அந்தக் கைத்துவக்கைப் பற்றித்தானே கேட்டீர்கள். அதையே முதலில் சொல்கிறேன்.

சூடு பட்டும் விழாமல் ஓடுகிற மானை இரத்தம் பார்த்துப் பின்தொடர வேண்டும். கிட்டப் போகும்போது அது பற்றைக்குள் கிடந்து துடிக்கும். அந்த நெருக்கத்தில் நீளத் துவக்கின் குழலைத் திருப்ப இடமிராது. கத்தியோடு போனால் கொம்பால் வயிற்றைக் கிழித்துவிடும். அதற்குத்தான் கைத்துவக்கு. பெரியகடையில் துவக்குக் கடை முதலாளி எடுத்துக் காட்டியதில் சின்னது ஒன்றின் மேல் பரமலிங்கம் ஆசைப்பட்டான். சட்டைப்பையில் வைக்க அழகுதான், ஒரு நாயைக்கூட முடிக்காது. பொலிஸ்காரர் வைத்திருக்கிற நடுத்தரமானதை எடுக்கச் சொன்னார் முதலாளி. உண்மையைச் சொன்னால், மானுக்கு அது தாராளமாகப் போதும். நான் அலுமாரி மூலையில் கிடந்த பெரியதைக் காட்டினேன். பட்டாளத்தில் பாவித்த ரகம். அதன் ரவை என் பெருவிரல் பருமன் இருந்தது.

“என்னத்துக்கு மச்சான் உவ்வளவு பெரிசு?” என்று கேட்டான்.

“ஒரு வெடியிலை முடியவேணும். ரண்டாவது வெடிக்கு வேலை வைக்கிறது பாவம்,” என்றேன். அதை நான் இப்போதும் நம்புகிறேன்.

சுட்டுப் பார்க்க வல்லை வெளிக்குப் போனோம். முதல் வெடியிலேயே துவக்கு அவன் கையைப் பின்னுக்குத் தூக்கி எறிந்தது. பேனை பிடித்துப் பழகிய கை, மணிக்கட்டு வீங்கிவிட்டது. அன்று பின்னேரம் என் மனைவி செல்வநாயகி, அவனுடைய தங்கை, நல்லெண்ணெய் சூடாக்கி அவன் கையை உருவிவிட்டாள். “உந்தப் பேயை ஆர் அண்ணை வாங்கச் சொன்னது?” என்று சிரித்தாள். கொண்டுபோனால் முதலாளி மாற்றித் தந்திருப்பார். மாற்ற வேண்டாம், காட்டில் நானே சுமந்து வருகிறேன் என்றேன். அவனுக்கு அது பெரிய உதவியாகப் பட்டது. அப்படித்தான் லைசென்ஸ் அவன் பெயரிலும் துவக்கு என் இடுப்பிலுமாக ஆனது.

எங்களுடையது மாற்றுச் சம்பந்தம் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். என் தங்கை அருந்ததியை அவனுக்குக் கொடுத்து அவன் தங்கையை நான் எடுத்தேன். ஒரே பந்தலில் இரண்டு தாலி. அவன் நீர்வேலியில் அருந்ததியின் சீதன வீட்டுக்குப் போனான், நான் புத்தூரில் செல்வநாயகியின் சீதன வீட்டுக்கு வந்தேன். இப்படிக் கட்டியவர்களில் ஒருவன் பெண்ணை விட்டுப் போனால் மற்றவனும் போய்விட வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஐயா. ஆனால் என் தங்கையை வாழாவெட்டியாக்கியவனின் தங்கை பரிமாற, நான் உட்கார்ந்து சாப்பிட்டால் ஊர் காறித் துப்பும். என் அப்பு இன்னும் இருக்கிறார். அவரே வந்து என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்.

பெரியகடைக்குப் போன அன்று காலை, பஸ்ஸில் வைத்துப் பரமலிங்கம் சொன்னான். அனுராதபுரத்தில் ஒருத்தியோடு சீவிக்கிறானாம்.

“தைப்பொங்கல் கழிய அருந்ததிக்குச் சொல்லப்போறன் மச்சான். இனி அவளோடை இருக்க ஏலாது. ஒளிச்சு வாழவும் ஏலாது. நீர் என்னைக் கோவிச்சாலும் நியாயம்தான்.”

அவன் கெட்டவனல்ல. கண் கலங்கித்தான் சொன்னான். நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். பிறகு இறங்கிக் கடைக்கு நடந்தோம்.

செல்வநாயகியை விட்டு என்னால் இருக்க முடியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பனங்கிழங்கு அவித்தால் தோல் உரித்து, நடுத் தும்பை இழுத்து எடுத்துவிட்டுத்தான் எனக்குத் தருவாள். கூடாரங்களில் படுத்து எழும்பிய அத்தனை வருஷமும் சாப்பிட்டாயா என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. அருந்ததியையும் நினைத்துப் பார்த்தேன். விதவையைக் கண்டால் ஊர் இரக்கப்படும், வாழாவெட்டியைக் கண்டால் சிரிக்கும். அவளுக்கும் நான் நல்லதைத்தான் செய்தேன்.

மார்கழியில் சுண்டிக்குளத்துக் காட்டுக்குப் போனோம். விடியும் நேரம் தண்ணீருக்கு வந்த ஒரு புள்ளிமானைப் பரமலிங்கம் சுட்டான். அது ஓடிப்போய்க் காரைப் பற்றைக்குள் விழுந்தது. தன் துவக்கைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலில் இருந்து, அதன் கொம்பை நிலத்தோடு அமத்திப் பிடித்தான்.

“கெதியா வெடி வையும் மச்சான். பாவம், துடிக்குது.”

திரும்பிப் பார்க்கவில்லை. காதுக்குப் பின்னால் வைத்தேன். ஒரு வெடிதான். வலி தெரிந்திருக்காது, ஐயா. கைத்துவக்கை அவன் விரல்களுக்குள் செருகினேன். மான் எழும்பி நொண்டிக்கொண்டு காட்டுக்குள் போனது. அதைத் தேட எனக்கு நேரமிருக்கவில்லை.

கால் தடக்கி விழுந்தான், துவக்கு வெடித்துவிட்டது என்று சொன்னேன். விசாரித்து எழுத வந்த விதானையார் நம்பினார். ஊரும் நம்பியது. அருந்ததி தாலியைக் கழற்றும்போது அவளைத் தாங்கிப் பிடித்திருந்தவன் நான். அப்போது நான் அழுதது நடிப்பல்ல. பரமலிங்கத்தைப் போல ஒரு கூட்டாளி எனக்கு இனிக் கிடைக்கப் போவதில்லை.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து எல்லோரும் போன பிறகு செல்வநாயகி என்னிடம் வந்தாள்.

“அண்ணைக்கு அதைக் கையிலை எடுக்கவே பயம். நீங்கள்தானே கொண்டு திரிஞ்சது. எப்பிடி அது அவற்ரை கைக்குப் போனது?”

பொலிஸ் கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன். அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. உங்களுக்குச் சொன்னது போலவே எல்லாவற்றையும் காரணத்தோடு சொன்னேன். விளங்கிக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன்.

“அண்ணை அவளை விட்டிட்டுப் போயிருந்தாலும் நான் உங்களைப் போகச் சொல்லியிருக்க மாட்டன். ஊர் சொன்னாலும் விட்டிருக்க மாட்டன். ஒருக்கால் என்னைக் கேட்டிருக்கலாமே,” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுதபடியே உள்ளே போய் என் உடுப்புகள் இருந்த றங்குப்பெட்டியைத் தூக்கிவந்து, வாசல் படலைக்கு வெளியே வைத்துவிட்டு, விதானையார் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

உங்கள் ஆட்கள் வந்தபோதும் பெட்டி அங்கேதான் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. கோபம் ஆறினதும் அவளே எடுத்து உள்ளே வைப்பாள், ஐயா. அண்ணனும் இல்லாமற் போனபின், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?