ஐஸில் இறங்கிய கோணூசி

'ஸ்ஸ்ஸ்ஸ்...' அவ்வளவுதான். குக்கர் சத்தத்துல பாதி கூட இருக்காது. நான் சொல்லப்போற குட்டிக் கதை அந்தச் சத்தத்துலதான் ஆரம்பிக்குது. பெரியம்மாமார்களே, அக்காமார்களே, கொஞ்சம் கிட்ட வாங்க. எனக்குச் சத்தமாப் பேச வராது.

நம்ம மகளிர் குழுவுல பூக்கட்டுற வீடு எதுல பிரிட்ஜ் இல்ல? அதுக்குள்ள குழம்பு இருக்கோ இல்லையோ, மல்லிகை இருக்கும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள்னா கேக்கவே வேணாம். ஈரத்துணியில சுத்திச் சுத்தி அமுக்குவோம். கதவு மூடாது. முட்டியால ஒரு இடி இடிச்சு மூடுவோம். மூடுச்சுன்னு நாமளே நினைச்சுக்குவோம்... மூடுமா?

எங்க வீட்டுலயும் மூடல. அந்த இடுக்கு வழியா வெளிக்காத்து போய்ப் போய், மேல ஐஸ் பெட்டி பூரா பாறையா உறைஞ்சு போச்சு. அன்னைக்கு வெள்ளிக்கிழமை, பொழுது சாயுற நேரம். எங்க அண்ணி ஜெயக்கொடி ஒரு கூடை மொட்டோட நிக்கிறாங்க. வைக்க இடமில்ல.

"ஏ வளரு, இந்த ஐஸைப் பாரேன். வாடகை குடுக்காம குடியிருக்கு!"

"பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்து வச்சா தானா உருகிடும் அண்ணி."

"உருகுறதுக்குள்ள மொட்டு விரிஞ்சிடும். விரிஞ்ச பூவை யாரு வாங்குவா? எல்லாத்தையும் உன் தலையிலயே வச்சுக்கிறியா?"

சொல்லிட்டு எதை எடுத்தாங்க தெரியுமா? மாலை கோக்குற கோணூசி. நம்ம எல்லார் வீட்டுலயும் கைக்கெட்டுற தூரத்துல கிடக்கே... அதேதான். டக்... டக்... டக்னு குத்துறாங்க. ஐஸ் சில்லு சில்லாத் தெறிக்குது. அப்புறம் ஒரு குத்து, கொஞ்சம் ஆழமா.

'ஸ்ஸ்ஸ்ஸ்...'

"அண்ணி, என்ன சத்தம்?"

"ஐஸ் விரிசல் விடுதுடி. தட்டைப் புடி."

இல்ல. ஐஸ் விரிசல் விட்டா 'மடக்'குங்கும். இது நிக்கவே மாட்டேங்குது. பிரிட்ஜுக்குப் பின்னாடி நான்தான் தூசி தட்டுவேன். அங்க மஞ்சளா ஒரு முக்கோணம் ஒட்டியிருக்கும். அதுக்குள்ள தீ எரியுற படம். குளிரவைக்கிற பெட்டியில தீப்படம் எதுக்குன்னு ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். யாரையும் கேட்டதில்ல. அப்பத்தான் உறைச்சுது... உள்ள குழாயில ஓடுறது பத்திக்கிற கேஸ்.

மோந்து பாத்தேன். நாத்தமே இல்ல. சிலிண்டர் கசிஞ்சா மூக்கு சொல்லிடும். இது சொல்லாதுங்க!

கொசு வரும்னு ஜன்னலைச் சாத்தியாச்சு. விளக்கு வைக்கிற நேரம்னு பின்கதவையும் சாத்தியாச்சு. பிரிட்ஜுக்குப் பக்கத்துல, தரையில பாய் மேல அண்ணியோட கைக்குழந்தை ஓவியா காலை ஆட்டிக்கிட்டுக் கிடக்குறா. அந்தப் பக்கம் எங்கம்மா பஞ்சவர்ணம், நெத்தி நிறையக் குங்குமம் வச்சு, சாமி மாடத்து முன்னாடி நிக்கிறாங்க. கையில தீப்பெட்டி.

அக்காமார்களே, இப்ப நீங்க சொல்லுங்க. வெள்ளிக்கிழமை அந்தி நேரத்துல, பெத்த அம்மாவைப் பாத்து 'விளக்கு ஏத்தாத'ன்னு சொல்ல ஒரு பொண்ணுக்கு வாய் வருமா? நம்ம வீடுகள்ல அதைவிடக் கெட்ட வார்த்தை உண்டா? என் வாய் திறக்குது... சத்தம் வரல. அம்மா குச்சியை எடுத்துட்டாங்க. சத்தம் வரல!

பாஞ்சு போய்த் தீப்பெட்டியைப் பிடுங்கிட்டேன்.

பளீர்னு ஒரு அறை. "அடிப்பாவி! குடும்பத்தை இருட்டாக்கவா பாக்குற?"

"அம்மா, கேஸு... பிரிட்ஜ்ல இருந்து கேஸ் வருது... வெளிய வாங்கம்மா..."

அண்ணி கையில இருந்த ஊசி கீழ விழுந்துச்சு. புள்ளையை வாரிக்கிட்டு வாசலுக்கு ஓடுனாங்க. நான் பின்கதவைத் திறந்துவிட்டேன், ஜன்னலைத் திறந்துவிட்டேன். அம்மாவை இழுத்துக்கிட்டு வெளிய வந்தேன். சுவிட்ச் எதையும் தொடல, தொட்டா பொறி பறக்கும். வெளியில மீட்டர் பெட்டிகிட்ட இருக்கிற மெயினை அமத்தினேன்.

ஆனா அம்மாவுக்கு மனசு கேக்கல. பக்கத்து வீட்டுல வேற தீப்பெட்டி வாங்கிட்டு வந்துட்டாங்க. "தெருவுல எல்லா வீட்டுலயும் விளக்கு எரியுது. என் வீடு மட்டும் இழவு வீடு மாதிரி கிடக்கணுமா? விலகுடி."

இந்த இடத்துல கதையைக் கொஞ்சம் நிறுத்துறேன்... இதை எதுக்குச் சொன்னேன்?

மறுநாள் வந்த மெக்கானிக், ஐஸுக்குப் பின்னாடி கேஸ் குழாயில விழுந்த ஓட்டையைக் காட்டுனாரு. ஊசி முனை அளவுதான். "இந்தக் கேஸ் தரையோடதான் பரவும்"னாரு. தரையில யாரு படுத்திருந்தா? அதுக்கு மேல அண்ணியால அங்க நிக்க முடியல.

ஐஸ் கட்டுனா குத்தாதீங்க. கத்தி வேணாம், கரண்டிக் காம்பு வேணாம், கோணூசி வேணவே வேணாம். பிளக்கைப் பிடுங்கிட்டுக் கதவைத் திறந்து வைங்க, அதுவா உருகட்டும். பூ வாடிடும்னா பக்கத்து வீட்டுப் பிரிட்ஜ்ல ஒரு நாளைக்கு இடம் கேளுங்க. பூவைத் திணிக்காதீங்க, கதவு ஒட்டி மூடுதான்னு பாருங்க. ஐஸ் பாறையாகாது, கரண்டும் வீணாகாது. அதையும் மீறி 'ஸ்ஸ்'னு கேட்டா, எந்த நல்ல நாளா இருந்தாலும் சரி, எந்த நல்ல நேரமா இருந்தாலும் சரி, நெருப்பை எடுக்காதீங்க. சாமி ஒரு நாள் இருட்டுல இருக்கும். கோவிச்சுக்காது. பயந்த புள்ள ஒண்ணு திக்கித் திணறி எதையாவது சொன்னா, அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் காது குடுங்க.

அன்னைக்கு வாசல்ல, அம்மா மறுபடியும் கை ஓங்குனாங்க. நான் வாசப்படியில குறுக்க உக்காந்துட்டேன். ரெண்டு பக்க நிலையையும் கையால பிடிச்சுக்கிட்டேன். விடல.